மேற்கு ஆப்பிரிக்கக் கால்பந்து அகாடமிகள்: எது பையனைக் கரை சேர்க்கிறது?

டக்காரிலோ அபிஜானிலோ அக்ராவிலோ கால்பந்து அகாடமி தொடங்கப் பெரிய முதல் தேவையில்லை. மண் மைதானம், பத்துப் பந்து, ஒரு விசில், சுவரில் செனகலின் நட்சத்திர ஆட்டக்காரர் சாதியோ மானே படம். அவ்வளவுதான், அகாடமி தயார். அந்தப் படத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது பணம் கட்டிய பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும். அவற்றை மதிப்பிட ஒன்றுமில்லை. பெயர் நிலைத்த நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: செனகலின் ஜெனராசியோன் ஃபூட், அதே நாட்டின் டியாம்பார்ஸ், ஐவரி கோஸ்ட்டின் ஆசெக் மிமோசா, கானாவின் ரைட் டு ட்ரீம். வெளிநாட்டில் ஆடிப் பிழைக்க நினைக்கும் 12, 13 வயதுப் பையனுக்கு இவை உண்மையில் என்ன செய்து தருகின்றன என்பதே கேள்வி.

பயிற்சியில் நான்குமே தேறும். பந்தை அடக்குவது, திரும்புவது, இடம் பார்த்து ஓடுவது எல்லாம் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். வித்தியாசம் தெரிவது பையனுக்கு 18 முடியும் நாளில்.

காரணம், ஃபிஃபாவின் ஆட்டக்காரர் பதிவு விதிகளில் உள்ள 19-ஆம் பிரிவு. 18 நிறையாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்ற முடியாது. விலக்குகள் உண்டு. கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோரே குடிபெயர்ந்திருந்தால் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் கிளப் மாறினால் ஒன்று. எல்லையை ஒட்டி வீடும் கிளப்பும் இருந்தால் ஒன்று. செனகல் பையனுக்கோ கானா பையனுக்கோ இவற்றில் எதுவும் சுலபத்தில் பொருந்தாது. 'அப்பாவுக்கு அங்கே ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குடிபெயர்ந்தது எதற்காக என்று ஃபிஃபா துருவித் துருவிக் கேட்கும். சிறுவர் பதிவு விதியை மீறியதற்காக 2014-இல் பார்சிலோனாவுக்கும் 2019-இல் செல்சீக்கும் ஆள் எடுக்கத் தடை விழுந்தது. பெரிய கிளப்புகளே அடி வாங்கிய இடம் இது.

ஆக, அகாடமி தருவது ஐந்தாறு ஆண்டுச் சோறு, படிப்பு, பயிற்சி, அதன் முடிவில் திறந்திருக்கும் ஒரு கதவு. அந்தக் கதவு எந்த ஊரில் இருக்கிறது, அது எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

ஜெனராசியோன் ஃபூட்

இதன் கதவு ஒன்றே ஒன்று, ஆனால் வலுவானது. மாதி தூரே 2000-இல் தொடங்கிய அகாடமி இது. 2003 முதல் பிரான்ஸின் எஃப்.சி. மெட்ஸுடன் கூட்டு. நன்றாகத் தேறியவர்களை முதலில் பார்ப்பது மெட்ஸ். இந்த வழியில் போனவர்களில் சாதியோ மானே, இஸ்மாயிலா சார், பாப் மதார் சார், லமீன் கமாரா பெயர்கள் போதும். பாப் மதார் சாருக்கு 2020 செப்டம்பரில் 18 முடிந்தது. அந்த சீசனிலேயே மெட்ஸ். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் வாங்கி, ஒரு சீசன் மெட்ஸிலேயே கடனுக்கு விட்டுவைத்தது. முதல் நாடு, முதல் குளிர்காலம், முதல் பிரெஞ்சு உடைமாற்று அறை எல்லாம் ஏற்கெனவே நான்கு செனகல்காரர்கள் வந்துபோன இடத்தில் அமைவது சின்ன விஷயமல்ல. 18 வயதுப் பையன் ஐரோப்பாவில் தோற்பது பெரும்பாலும் காலால் அல்ல, தனிமையால்.

மெட்ஸ் பணக்கார கிளப் இல்லை. மேல் டிவிஷனுக்கும் இரண்டாம் டிவிஷனுக்கும் இடையே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும். 2022-இல் இறங்கியது, 2023-இல் ஏறியது, 2024-இல் மறுபடி இறங்கியது, 2025-இல் ஏறியது. ரசிகருக்கு இது வேதனை, ஆட்டக்காரனுக்கு லாபம். இளைஞனை ஆடவிட்டு, விலை ஏற்றி, விற்றால்தான் கிளப்புக்கு வண்டி ஓடும். மானேயின் கதையைப் பாருங்கள். 2011-இல் வந்தார், 2012 ஜனவரியில் முதல் ஆட்டம், அந்த சீசன் முடிவில் கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் சுமார் 40 லட்சம் யூரோவுக்கு அழைத்துக்கொண்டது. பெரிய கிளப் ஒன்றின் இரண்டாம் அணியில் உட்கார்ந்திருந்தால் இத்தனை சீக்கிரம் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்.

குறை என்ன? மெட்ஸுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வழி மங்கல்தான். பெல்ஜியமோ நார்வேயோ போக வேண்டுமென்றால் பையனே புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும். சேரும்போது கேட்க வேண்டியது: 'மெட்ஸ் வேண்டாமென்று சொன்னவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள்?' பதிலில் மானே பெயர் வந்தால், கேள்விக்குப் பதில் வரவில்லை என்று பொருள்.

ரைட் டு ட்ரீம்

நான்கில் மிகவும் கச்சிதமாகக் கட்டப்பட்டது இதுதான். டாம் வெர்னான் 1999-இல் அக்ராவில் தொடங்கினார். இப்போது வோல்டா ஆற்றங்கரையில், ஓல்ட் அக்ராடேயில் இருக்கிறது. பையன்களுக்கு முழு உதவித்தொகையுடன் தங்கும் பள்ளி, பெண்களுக்கும் உண்டு. கதவைத் தேடி அலையாமல் கதவையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். டென்மார்க்கின் எஃப்.சி. நோர்ஷெலாண்ட் கிளப் 2015 கடைசியில் இவர்கள் கைக்கு வந்தது. 2021-இல் எகிப்தின் மன்சூர் குழுமம் 12 கோடி டாலர் போட்டு உள்ளே வந்தது. 2025-இல் அமெரிக்க லீகில் இறங்கிய சான் டியேகோ எஃப்.சி.யும் இதே குடும்பம்.

முகமது குடுஸ் 18 முடிந்த கையோடு 2018 ஆகஸ்டில் நோர்ஷெலாண்டுக்கு ஆடத் தொடங்கிவிட்டார். 2020-இல் அயாக்ஸ், 2023-இல் வெஸ்ட் ஹாம், 2025-இல் டாட்டன்ஹாம். கமால்தீன் சுலெமானா, எர்னெஸ்ட் நுவாமா எல்லோரும் நோர்ஷெலாண்டின் அதே ஃபாரம் ஊர் மைதானத்தில் கால் ஊன்றியவர்கள். சிமோன் அதிங்ரா ஐவரி கோஸ்ட்காரர். கானாவுக்கு வந்து இங்கே வளர்ந்து, டென்மார்க் வழியாக பிரைட்டனுக்குப் போனார். முதல் சீசனை பெல்ஜியத்தில் கடனுக்கு ஆடினார். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் நைஜீரியாவை ஐவரி கோஸ்ட் 2-1 என்று வென்றபோது இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தவர் அவர்.

பதினெட்டு வயதுக்காரரை நம்பிக் களம் இறக்கும் மேல் டிவிஷன் அணி ஐரோப்பாவில் அபூர்வம். நோர்ஷெலாண்டின் தொழிலே அதுதான். கால்பந்தில் எட்டாதவர்களுக்கு அமெரிக்கப் பள்ளி, பல்கலைக்கழக வழியும் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் பார்வையில் இது பெரிய ஆறுதல், தேறாதவனும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

ஒரு நெருடல் மட்டும் உண்டு. வளர்த்ததும் அவர்களே, முதல் ஒப்பந்தம் எழுதும் கிளப்பும் அவர்களுடையதே. மேசையின் இரண்டு பக்கமும் ஒரே முதலாளி உட்கார்ந்திருக்கும்போது பையன் சார்பில் பேரம் பேசுவது யார்? 18-இல் போடும் கையெழுத்தை, அகாடமிக்குச் சம்பந்தமில்லாத வழக்கறிஞர் ஒருவர் படித்த பிறகே போட வேண்டும். குறிப்பாக ஒப்பந்த நீளம், கிளப் மட்டும் விரும்பினால் நீட்டிக்கலாம் என்ற வரி, இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டியாம்பார்ஸ்

டக்காருக்குத் தெற்கே, சாலி கடற்கரையில். பத்ரிக் வியேரா, பெர்னார் லாமா, ஜிமி அஜோவி-போகோ, சாயேர் செக் ஆகியோர் 2003-இல் நிறுவியது. படிப்பு முதலில், பந்து பிறகு என்று சொல்லும் அகாடமிகள் பல. சொன்னபடி நடப்பதில் இதற்கு நல்ல பெயர். இத்ரீசா கானா கெய் இங்கிருந்து லீலுக்குப் போய், ஆஸ்டன் வில்லா, எவர்ட்டன், பாரிஸ் என்று நீண்ட தூரம் ஆடியவர். காரா எம்போஜி நார்வேயின் துரோம்சோவுக்குப் போனார், பாப் அலியூன் என்ஜாய் அதே நாட்டின் போடோ/கிளிம்ட்டுக்கு. இரண்டும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே! சாலி வெயிலில் வளர்ந்தவனுக்கு அது சோதனைதான். ஆனால் நார்வேயில் சீசன் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தோடு முடியும். வந்தவுடன் ஆட்ட நேரம் கிடைக்கும். அங்கிருந்து பெல்ஜியமும் துருக்கியும் எட்டும் தூரம். மெட்ஸ் மாதிரி ஒரே நிலையான கதவு இதற்கு இல்லை. ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும், அதனால் காத்திருப்பு கூடும்.

ஆசெக் மிமோசா

வரலாற்றுக்கு மதிப்பெண் போட்டால் இதுவே முதலிடம். அபிஜானின் சோல் பெனியில் 1990-களின் நடுவில் ஜான்-மார்க் கியூ அமைத்த பள்ளி. தொடக்கப் பருவத்தில் வெறுங்கால், பந்து மட்டும். கோலோ தூரே, யாயா தூரே, சொகோரா, எபுவே, கலூ, ஜெர்வினோ என்று ஒரு தேசிய அணியே இங்கிருந்து எழுந்தது. 1999-இல் பதின்வயதுப் பையன்களை இறக்கி துனிசியாவின் எஸ்பெரான்ஸை 3-1 என்று வீழ்த்தி ஆப்பிரிக்க சூப்பர் கோப்பையை வாங்கினார்கள். 2001-இல் கியூ பெல்ஜியத்தின் பெவெரன் கிளப்பைக் கையில் எடுத்ததும் அபிஜான் பையன்கள் அங்கே வரிசையாக இறங்கினார்கள். யாயா பெவெரனில் இருந்து உக்ரைன், கிரீஸ், மொனாக்கோ சுற்றித்தான் பார்சிலோனா போய்ச் சேர்ந்தார். நேர்வழி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பெவெரன் வழி என்றோ மூடிவிட்டது. இப்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாதை. ஒதிலோன் கொசுனு 2019-இல் ஸ்வீடனின் ஹம்மார்பிக்குப் போய், புரூஜ் வழியாக லெவர்குசனை அடைந்து 2024-இல் ஜெர்மன் லீக் பட்டம் வென்றார். கரீம் கொனாத்தே 2022-இல் சால்ஸ்பர்க். உச்சத்தில் இருப்பவனுக்கு அபிஜானில் இப்போதும் ஆள் தேடி வருகிறார்கள். நடுத்தர ஆட்டக்காரனுக்குத்தான் இன்று இந்த அகாடமியின் உதவி குறைவு.

நான்கில் எது என்றால், பையன் எப்படிப்பட்டவன் என்பதைப் பொறுத்தது. சந்தேகமில்லாத திறமை, பிரெஞ்சு பேசும் வீடு என்றால் ஜெனராசியோன் ஃபூட். கால்பந்து கைவிட்டாலும் படிப்பு காப்பாற்ற வேண்டும் என்றால் ரைட் டு ட்ரீம், இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்றாலும். அது கிடைக்காவிட்டால் டியாம்பார்ஸ். ஆசெக்கை அபிஜான்வாசிக்கு மட்டுமே சொல்வோம். வெளியூரிலிருந்து அதற்காகவே குடிமாற வேண்டியதில்லை.

காசு எப்படி ஓடுகிறது

நல்ல அகாடமி பையனிடம் காசு கேட்காது. தருமம் அல்ல, அதன் வருமானம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஆட்டக்காரன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, அவனை வளர்த்த கிளப்புக்குப் புதிய கிளப் பயிற்சி ஈட்டுத்தொகை தர வேண்டும். பயிற்சிக்குச் செலவிடும் அளவை வைத்துக் கிளப்புகளை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். ஐரோப்பாவில் வாங்குவது முதல் வகைக் கிளப் என்றால், பையன் பயிற்சி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 90,000 யூரோ, இரண்டாம் வகைக்கு 60,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 10,000. 12 முதல் 15 வயது வரையான ஆண்டுகளுக்கு மட்டும் எல்லோருக்கும் 10,000தான். 12 வயதில் சேர்ந்து 17 வயது சீசன் முடிய இருந்தவன் முதல் வகைக் கிளப்புக்குப் போனால் 40,000 + 1,80,000 = 2,20,000 யூரோ. செனகலிலும் ஐவரி கோஸ்ட்டிலும் புழங்கும் பணத்தில் ஒரு யூரோ 655.957 சிஎஃப்ஏ பிராங்க். ஏறத்தாழ 14 கோடியே 43 லட்சம் பிராங்க்.

இங்கேதான் ஒரு முடிச்சு விழும். 'இலவச' ஆட்டக்காரன் உண்மையில் இலவசம் அல்ல என்று தெரிந்ததும் சிறிய கிளப் பின்வாங்கும். அப்போது அகாடமி தொகையை விட்டுக்கொடுத்து, பிற்கால விற்பனையில் ஒரு பங்கு கேட்பது வழக்கம். நியாயமான ஏற்பாடு. விட்டுக்கொடுக்க மறுத்துப் பையனை ஓராண்டு உட்காரவைக்கும் இடங்களும் உண்டு. இதைப் பற்றி அகாடமியின் கொள்கை என்ன என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வரவு, ஒற்றுமைப் பங்களிப்பு. பிற்காலத்தில் விலை கொடுத்து வாங்கும்போதெல்லாம் அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை வளர்த்தவர்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 12-இல் சேர்ந்து 18-இல் கிளம்பியவன் என்றால் அகாடமிக்கு 2 சதவீதம். 5 கோடி பவுண்டு விலைக்கு 10 லட்சம் பவுண்டு. ஆனால் 2020 ஜூலைக்கு முன் ஒரே நாட்டுக்குள் நடந்த விற்பனைக்கு இந்த விதி பொருந்தவில்லை. மானே 2016-இல் சவுத்தாம்ப்டனிலிருந்து லிவர்பூலுக்கு 3.4 கோடி பவுண்டுக்கு மாறியபோது, இந்த விதியின்படி டக்காருக்கு ஒரு காசும் போகவேண்டியதில்லை. இப்போது அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. 2022 நவம்பரில் இருந்து பாரிஸில் உள்ள ஃபிஃபா தீர்வகம் (Clearing House) வழியாகப் பணம் பிரிகிறது.

இந்த இரண்டு வரவும் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் பதிவான கிளப்புக்கு மட்டுமே. ஜெனராசியோன் ஃபூட்டும் டியாம்பார்ஸும் செனகல் லீகில் அணி இறக்கி ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தெருமுனை அகாடமி சங்கத்தில் பதிவாகாதது. மானேயே அங்கிருந்து கிளம்பினாலும் அதற்கு எதுவும் வராது. அதனால்தான் அது பெற்றோரிடம் கை நீட்டுகிறது. சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது பையனைப் பதிந்து சங்கம் தரும் உரிம அட்டை: எந்த கிளப் பெயரில், எந்த சீசனிலிருந்து?

காகிதமும் ஏஜென்டும்

திறமை இருந்தும் போக முடியாமல் நின்றவர்களைக் கேட்டால், பாதி இடங்களில் காரணம் காகிதம். பிறந்தபோது பதியாமல் விட்டு, பிறகு நீதிமன்றத்தின் மூலம் வாங்கிய சான்றிதழில் ஒரு தேதி. பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்று. உரிம அட்டையில் மூன்றாவது. பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படியே. ஆண்டுதோறும் எந்த கிளப்பில் இருந்தான் என்று காட்டும் ஆட்டக்காரர் கடவுச்சீட்டு இந்தக் குழப்பத்தில்தான் சிக்கும். ஆட்டக்காரர் மாறுவதற்கான பருவ ஜன்னல் மூடும் நாளில் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வந்து சேராமல் அரை சீசன் போய்விடும். 15 வயதிலேயே எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர், ஒரே தேதி என்று நேர்செய்து வைக்கும் அகாடமிதான் வேலை தெரிந்த அகாடமி. வயதைக் குறைத்துக் காட்டும் யோசனைக்கு ஒரு வார்த்தை: 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுக்க மூடியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

ஏஜென்டுக்கு இப்போது ஃபிஃபா தேர்வு கட்டாயம். 20 கேள்வி, 15 சரியாக இருந்தால்தான் உரிமம். பெயரை ஃபிஃபா தளத்தில் தேடினால் உரிமம் உண்டா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆட்டக்காரனுடன் அவர் போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதுக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் சிறுவனை அணுகலாம். 13 வயதுப் பையனைத் தேடி ஒருவர் வீட்டுக்கே வந்தால், அவர் விதி தெரியாதவர் அல்லது விதியை மதிக்காதவர். எப்படியும் வேண்டாம்.

'வந்து ஆடிக் காட்டு' என்று ஐரோப்பிய கிளப் அழைத்ததாக ட்ரயல் கடிதம் காட்டி 3,000 யூரோ கேட்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். கிட்டத்தட்ட 20 லட்சம் பிராங்க். நிலத்தை அடகு வைத்துத்தான் கட்டுவார்கள். சுற்றுலா விசாவில் 90 நாள், விடுதியில் நான்கு நாள், அப்புறம் தொலைபேசி அணைந்துவிடும். பாரிஸ் தெருக்களில் இப்படிக் கைவிடப்பட்ட பையன்களுக்காகவே கேமரூனின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான்-கிளோத் எம்வூமின் 2000-இல் ஃபூட் சொலிதேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். உண்மையாகவே பார்க்க விரும்பும் கிளப் டிக்கெட்டைத் தானே எடுத்து அனுப்பும். கடிதம் வந்தால் அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கிளப்பின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு சம்பளம் நின்றால் அழுதுகொண்டு திரும்ப வேண்டியதில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அதற்குள் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. கெடுக் கடிதம் கிளப் பெயருக்கு, தேதியோடு, அனுப்பியதற்குச் சான்றோடு போக வேண்டும். கெடு கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டால் ஒப்பந்தத்தை முறித்த குற்றம் ஆட்டக்காரன் தலையில் விழும், இழப்பீடும் அவனே கட்ட வேண்டி வரலாம். அனுப்பி வைத்த பையனுக்கு இந்தக் கடிதத்தை எழுதித் தர அகாடமியில் ஆள் இருக்கிறாரா என்பதையும் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.